ஆலையில் பிறந்த சதுரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தொழில்நுட்ப வரலாற்றைத் தமிழில் பேசுவதற்கென்று ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தியவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் நம்மிடம் அறக்கட்டளைகள் நிறைய உண்டு. ஆலைக்கும் பட்டறைக்கும் உரிய வரலாற்றைச் சொல்லும் மேடைகள் குறைவு. அந்தக் குறையைப் போக்க முன்வந்த இவர்களின் மனம் போற்றத்தக்கது.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கியூஆர் கோடு. தேநீர்க் கடை, பூக்கடை, பேருந்து, மருந்து அட்டை, பள்ளிப் பாடநூல் என்று அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரம் இல்லாத இடமே இல்லை. பணம் செலுத்துவதற்காகவே யாரோ அதைக் கண்டுபிடித்தார்கள் என்று இளைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஜப்பானில் ஒரு கார் உதிரிபாக நிறுவனத்தில், பெட்டிகளைக் கையாளும் தொழிலாளர்களின் வேலைப்பளுவைக் குறைப்பதற்காக 1994இல் அது பிறந்தது. அது உலகம் முழுவதும் பரவியதற்கு இரண்டு முடிவுகள் காரணம் என்பது என் கருத்து. தொழிலாளியின் குறையைப் பொறியாளர் காதுகொடுத்துக் கேட்டது ஒன்று. கண்டுபிடித்ததை நிறுவனம் பூட்டி வைக்காமல் திறந்து விட்டது மற்றொன்று. இந்த இரண்டையும் விரிவாகச் சொல்வதே என் நோக்கம்.

கரியா நகரமும் கான்பான் அட்டையும்

ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் கரியா என்றொரு நகரம் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1926இல் தானியங்கித் தறி ஆலையை நிறுவியது அந்த ஊரில்தான். தறியில் தொடங்கிய அந்தக் குழுமத்திலிருந்து 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் உருவானது. போருக்குப் பிந்தைய நெருக்கடியில், 1949இல், டொயோட்டாவின் மின் உதிரிபாகப் பிரிவு தனியாகப் பிரிந்து நிப்பான்டென்ஸோ என்ற நிறுவனமானது. 1996இல் அதன் பெயர் டென்ஸோ என்று சுருங்கியது. ஸ்டார்ட்டர், ரேடியேட்டர், ஏசி போன்ற பாகங்களைச் செய்யும் இந்த நிறுவனம் இன்று உலகின் மிகப் பெரிய உதிரிபாக நிறுவனங்களில் ஒன்று.

ஸ்டார்ட்டர் மோட்டார் செய்பவர்களுக்கும் பார்கோடுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு கான்பான் அட்டை வழியாக வந்தது. டொயோட்டா ஆலைகளில் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை அது. உதிரிபாகம் நிறைந்த ஒவ்வொரு பெட்டியோடும் ஓர் அட்டை பயணம் செய்யும். என்ன பாகம், எத்தனை, எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெட்டியில் உள்ளதை எடுத்துப் பயன்படுத்தியதும் அட்டை மட்டும் திரும்பிப் போகும். திரும்பி வந்த அட்டையே அடுத்த பெட்டிக்கான உத்தரவு. தேவைக்கு மேல் ஒரு திருகாணிகூடத் தேங்கி நிற்கக் கூடாது என்பது அதன் தத்துவம்.

இந்த முறையில் அட்டைதான் உயிர்நாடி. சரக்கு வழங்கும் டென்ஸோவுக்கு நாள்தோறும் மலைபோல் அட்டைகள் வந்து குவியும். அவற்றைப் பார்த்துக் கையால் பதிவு செய்தால் தாமதமும் ஆகும், தவறும் நேரும். எனவே 1970களில் கான்பான் அட்டையிலேயே பார்கோடு அச்சிட்டு, அதைப் படிக்கும் கருவியையும் டென்ஸோ தானே செய்துகொண்டது. சொந்தத் தேவைக்குச் செய்த கருவி பிறகு விற்பனைப் பொருளானது. இப்படித்தான் ஓர் உதிரிபாக நிறுவனத்துக்குள் ஸ்கேனர் தொழில் முளைத்தது.

பார்கோடு ஜப்பானியக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் நார்மன் ஜோசப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இருவருக்கு 1952இல் அதற்கான காப்புரிமை கிடைத்தது. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் ஊரில், ஒரு பல்பொருள் அங்காடியில், சூயிங்கம் பாக்கெட் ஒன்றின் பார்கோடை ஸ்கேனர் படித்தது. அங்காடி விற்பனையில் இன்றைய பார்கோடு முறை தொடங்கியது அன்றுதான். அதற்குப் பின் விலையைக் கையால் தட்டித் தட்டி மணிக்கட்டு நொந்த காசாளர்கள் அந்த வேதனையிலிருந்து மீண்டார்கள். ஆனால் அந்தப் பார்கோடுக்கு ஓர் எல்லை இருந்தது. கோடுகள் பக்கவாட்டில் மட்டுமே தகவலைச் சுமக்கும். மேலிருந்து கீழாக எந்தத் தகவலும் இல்லை. ஒரு பார்கோடில் ஏறத்தாழ 20 எழுத்துகளுக்கு மேல் வைப்பது கடினம்.

1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி வெடித்தது. ஒரே மாதிரி காரை இலட்சக்கணக்கில் செய்து தள்ளிய காலம் போய், பல வகைகளைச் சிறு சிறு தொகுதிகளாகச் செய்ய வேண்டிய நிலை வந்தது. வகை பெருகியதால் பெட்டியோடு போக வேண்டிய தகவலும் பெருகியது. ஒரு பார்கோடு போதாமல் ஒரே பெட்டியில் ஏறத்தாழ 10 பார்கோடுகளை வரிசையாக ஒட்டினார்கள். ஒரு தொழிலாளி நாளொன்றுக்குச் சுமார் 1,000 முறை ஸ்கேனரை நீட்டிப் படிக்க வேண்டியிருந்தது. எண்ணெய்க் கறை பட்ட ஒன்று படிக்காமல் மறுத்தால் துடைத்து, சாய்த்து, மறுபடி முயல வேண்டும். தொழிலாளர்கள் சலித்துப் போனார்கள். இன்னும் வேகமாகப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும் என்ற கோரிக்கை ஆலையிலிருந்து வந்தது.

கேட்டது கருவி, கிடைத்தது குறி

அந்தக் கோரிக்கை போய்ச் சேர்ந்த இடம் மசாஹிரோ ஹரா என்ற பொறியாளரின் மேசை. 1957இல் பிறந்தவர், ஹோசெய் பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்து 1980இல் நிப்பான்டென்ஸோவில் சேர்ந்தவர். பார்கோடு ஸ்கேனர்களிலும், அச்செழுத்தைப் படிக்கும் கருவிகளிலும் அனுபவம் உள்ளவர். அவரிடம் கேட்டது நல்ல ஸ்கேனர். ஸ்கேனரை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் 10 முறை படிக்க வேண்டிய பெட்டியை 10 முறைதான் படிக்க வேண்டும் என்பதை அவர் கண்டார். குறை படிக்கும் கருவியில் இல்லை, படிக்கப்படும் குறியில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 1992இல் வேலை தொடங்கியது. தொடக்கத்தில் குழுவில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே.

மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். அவரோ, கேட்டவர்களின் சிரமம் எதில் இருந்து பிறக்கிறது என்று தேடிப் போனார். பொறியியலின் முதல் கடமை அதுதான்.

குறுக்கிலும் நெடுக்கிலும் தகவலைச் சுமக்கும் இருதிசைக் குறிகள் அப்போது புதியன அல்ல. அமெரிக்காவில் டேட்டா மேட்ரிக்ஸ் 1980களிலேயே வந்துவிட்டது. சிம்பல் டெக்னாலஜீஸ் நிறுவனம் 1991இல் பிடிஎஃப்417 என்ற குறியை வெளியிட்டது. குறைந்த இடத்தில் எவ்வளவு தகவலைத் திணிக்கலாம் என்பதே பிற நிறுவனங்களின் நோக்கமாக இருந்தது. ஆலையில் நிற்கும் தொழிலாளியை மனத்தில் வைத்திருந்த ஹராவின் குழு, தகவலின் அளவோடு படிக்கும் வேகத்தையும் முதன்மையாக வைத்தது. குறியை நேராகப் பிடிக்கத் தேவையில்லாமல், எந்தப் பக்கம் சாய்த்துக் காட்டினாலும் கணத்தில் படிக்க வேண்டும்.

ஹராவுக்கு கோ விளையாட்டில் பிரியம். 19க்கு 19 கோடுகள் கொண்ட பலகையில் கறுப்புக் காய்களையும் வெள்ளைக் காய்களையும் வைத்து ஆடுவது அது. பலகையின் கோடுகள் சந்திக்கும் இடங்களில் காய்கள் அமர்ந்திருப்பதைப் பார்த்தபோது, இரு திசையிலும் தகவலை வைக்க இந்த அமைப்பு ஏற்றது என்று அவருக்குத் தோன்றியது. கறுப்பு ஒன்று, வெள்ளை பூஜ்யம். அடிப்படை அவ்வளவே.

1 : 1 : 3 : 1 : 1

கடினமான கேள்வி அடுத்து வந்தது. கேமராவில் விழும் காட்சியில் பெட்டி இருக்கும், பெட்டியில் அச்சிட்ட எழுத்து இருக்கும், படம் இருக்கும், கோடுகள் இருக்கும். அத்தனைக்கும் நடுவே குறி எங்கே இருக்கிறது என்பதைக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கும்? குறியைப் படிப்பதைவிடக் குறியைத் தேடுவதற்கே அதிக நேரம் போனது.

கியூஆர் கோடின் மூன்று மூலைகளிலும் சதுரத்துக்குள் சதுரமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கேள்விக்கு விடை அதுதான். அதன் மையத்தின் வழியே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கறுப்பு ஒரு பங்கு, வெள்ளை ஒரு பங்கு, கறுப்பு மூன்று பங்கு, வெள்ளை ஒரு பங்கு, கறுப்பு ஒரு பங்கு என்று வரும். கோட்டைக் குறுக்கே இழுத்தாலும், நெடுக்கே இழுத்தாலும், சாய்வாக இழுத்தாலும் இந்த விகிதம் மாறாது. ஒரே மையத்தைக் கொண்ட சதுரங்களுக்கு உரிய வடிவியல் பண்பு இது. எனவே குறி எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும், கருவி 1:1:3:1:1 என்ற விகிதத்தை மட்டும் தேடினால் போதும்.

ஏன் இந்த விகிதம்? வேறு ஏதாவது எழுத்தோ படமோ தற்செயலாக அதே விகிதத்தில் அமைந்துவிட்டால் கருவி ஏமாந்துவிடும். ஆகவே அச்சில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தெரிய வேண்டும். துண்டறிக்கைகள், இதழ்கள், அட்டைப் பெட்டிகள் என்று கைக்குக் கிடைத்த அச்சுப் பொருள்களையெல்லாம் எடுத்து, அவற்றில் கறுப்பும் வெள்ளையும் என்னென்ன விகிதத்தில் மாறி மாறி வருகின்றன என்று குழு இரவு பகலாக ஆராய்ந்தது. அரிதினும் அரிதாக வந்த விகிதம் 1:1:3:1:1. மூன்று மூலைகளில் மட்டும் அந்தச் சதுரத்தை வைத்து நான்காவது மூலையில் வைக்காமல் விட்டதற்கும் காரணம் உண்டு. சதுரம் இல்லாத மூலை எந்தப் பக்கம் என்று தெரிந்தால் குறியின் மேல் எது, கீழ் எது என்று கருவிக்குத் தெரிந்துவிடும்.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை பொறுமையும் கவனமும். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது.

கறையும் கணிதமும்

ஆலை என்றால் எண்ணெய் படும், கிழியும், தேயும். அதையும் தாங்க வேண்டும் என்பதால், இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணிதவியலாளர்கள் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்த முறையை எடுத்துக்கொண்டார்கள். எளிமையாகச் சொன்னால், மூன்று எண்களை எழுதி, அவற்றின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் எழுதி வைத்தால், ஓர் எண் அழிந்தாலும் மீதியைக் கொண்டு அதைக் கணக்கிட்டுவிடலாம். ரீட்-சாலமன் முறை இந்த எண்ணத்தின் மிக வலிமையான வடிவம். கியூஆர் கோடில் நான்கு நிலைகள் உண்டு. தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஏற்ப ஏறத்தாழ 7, 15, 25 அல்லது 30 விழுக்காடு வரை தகவல் சேதமானாலும் மீட்கலாம். கடைகளில் ஒட்டிய கியூஆர் அட்டையின் நடுவில் ஒரு முத்திரை இருந்தும் அது படிக்கிறது அல்லவா? மறைந்து போன பகுதியை அந்தக் கணிதம் மீட்டுத் தருகிறது.

மிகச் சிறிய கியூஆர் கோடில் 21க்கு 21 கட்டங்கள். மிகப் பெரியதில் 177க்கு 177. பெரியதில் எண்கள் மட்டும் என்றால் 7,089 இலக்கங்களை வைக்கலாம். ஜப்பானியரின் கான்ஜி எழுத்து என்றால் 1,817. கான்ஜிக்கென்றே தனி முறை ஒன்றைத் தொடக்கத்திலேயே வகுத்தார்கள். அதில் ஓர் எழுத்துக்கு 13 பிட் போதும். தமிழுக்கு அப்படித் தனி முறை இல்லை. யூனிகோட் வழியில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், அதாவது 24 பிட் செலவாகிறது. ‘கி’ போன்ற உயிர்மெய்க்கு மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து 6 பைட். மிகப் பெரிய கியூஆர் கோடிலும் சுமார் 980 தமிழ்க் குறிகளுக்கு மேல் வைக்க முடியாது. இதில் யாரையும் குறைசொல்ல நியாயமில்லை. செய்தவர்கள் தங்கள் ஆலையின் தேவைக்குத் தங்கள் எழுத்தை மறக்காமல் செய்தார்கள். தரநிலைகள் எழுதப்படும் மேசையில் நாம் உட்காராவிட்டால் நம் எழுத்தை நமக்காக வேறொருவர் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார் என்ற பாடத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பூட்டாத கதவு

1994இல் கியூஆர் கோடு அறிவிக்கப்பட்டது. முதலில் கார்த் தொழில் தன் கான்பான் அட்டைகளில் அதை ஏற்றுக்கொண்டது. காப்புரிமை டென்ஸோவின் கையில் இருந்தது. ஒவ்வொரு பயனுக்கும் கட்டணம் கேட்டிருக்கலாம். நிறுவனம் வேறு முடிவு எடுத்தது. காப்புரிமையை வைத்துக்கொள்வோம், தரநிலைக்கு ஒழுங்காக யார் பயன்படுத்தினாலும் அந்த உரிமையைக் காட்டி அவர்களைத் தடுக்க மாட்டோம், கட்டணமும் கேட்க மாட்டோம் என்று அறிவித்தது. குறி எப்படி அமைந்திருக்கிறது என்ற விவரத்தையும் வெளியிட்டது.

இதைத் தருமம் என்று மட்டும் சொன்னால் முழு உண்மை ஆகாது. குறி இலவசமாகப் பரவினால், அதைப் படிக்கும் ஸ்கேனரை விற்று வருமானம் பார்க்கலாம் என்ற வணிகக் கணக்கும் அதில் இருந்தது. உரிமையை முழுவதும் கைவிடவும் இல்லை. காப்புரிமை கையில் இருந்ததால், ஆளுக்கொரு விதமாகக் குறியை மாற்றிக் குழப்பம் செய்வதைத் தடுக்க முடிந்தது. ‘கியூஆர் கோடு’ என்ற பெயர் இன்றும் பதிவு பெற்ற வணிகக்குறியே. திறந்து விடுவதும், தரம் கெடாமல் காப்பதும் ஒரே நேரத்தில் நடந்தன. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் இந்தக் குறி இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதே என் துணிபு.

1997இல் பன்னாட்டுத் தொழில்துறைக் கூட்டமைப்பின் தரநிலையாகவும், 1999இல் ஜப்பானின் தேசியத் தரநிலையாகவும், 2000இல் ஐஎஸ்ஓ தரநிலையாகவும் கியூஆர் கோடு ஏற்கப்பட்டது. 2001இல் டென்ஸோவின் தொழிற்கருவிப் பிரிவு டென்ஸோ வேவ் என்ற தனி நிறுவனமானது. 2002இல் கியூஆர் கோடைப் படிக்கும் கேமராக் கைப்பேசி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதுவரை ஆலைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் இருந்த குறி, பொதுமக்களின் சட்டைப் பைக்கு வந்து சேர்ந்தது அந்த ஆண்டில்தான். 2010களில் சீனாவில் அது பணம் செலுத்தும் வழியானது. 2014இல் ஹராவும், அவருடன் பணியாற்றிய தகாயுகி நகயா, மோதோஆகி வதபே, தடாவோ நொஜிரி, யூஜி உச்சியாமா ஆகியோரும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதில் மக்கள் தேர்வுப் பரிசு பெற்றார்கள். 2020இல் ஐஇஇஇ என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு கியூஆர் கோடைப் பொறியியல் வரலாற்றின் மைல்கற்களில் ஒன்றாக அறிவித்தது. கைப்பேசியே ஸ்கேனராகிவிட்ட இன்று, நாம் ஒவ்வொரு முறை கைப்பேசியை நீட்டும்போதும் டென்ஸோவுக்கு ஒரு காசும் போவதில்லை.

நம் ஊரில்

இந்தியாவில் 2016இல் யுபிஐ என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்ற முறை வந்தது. 2017இல் பணம் செலுத்துவதற்கான பாரத் கியூஆர் வந்தது. தமிழ்நாட்டில் 2018இல் வெளியான புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிடப்பட்டது. டென்ஸோ எடுத்த முடிவின் எதிரொலி ஒன்று நம் நாட்டிலும் கேட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன் செயலி மட்டுமே படிக்கும் கியூஆர் அட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், இனிப் புதிதாக அப்படிப்பட்ட அட்டை கூடாது, இருப்பவையும் 2022 மார்ச் 31க்குள் எல்லாச் செயலிகளும் படிக்கும் பொது வகைக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் உத்தரவிட்டது. ஒரு பூக்காரம்மாள் ஒரே அட்டையை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் பணம் வாங்க முடிவது பொதுத் தரநிலை என்ற கொள்கையால்தான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கியூஆர் கோடை இயந்திரம் படிக்கும், மனிதக் கண் படிக்காது. எனவே கடைக்காரரின் அட்டைமேல் வேறொருவர் தன் அட்டையை ஒட்டிவிட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடைக்கார நண்பர்கள் காலையில் கடை திறக்கும்போது தங்கள் அட்டையைத் தாங்களே ஒருமுறை ஸ்கேன் செய்து, தங்கள் பெயர் வருகிறதா என்று பார்க்கட்டும். பணம் செலுத்துகிறவர் திரையில் வரும் பெயரைப் படித்த பிறகே இரகசிய எண்ணைத் தட்டட்டும். பணம் வாங்குவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. ‘ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள், உங்களுக்குப் பணம் வரும்’ என்று யாராவது சொன்னால் அது மோசடி. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு உண்டு.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உலகை மாற்றும் கண்டுபிடிப்பு என்றால் பெரிய முதலீடும் பெரிய ஆய்வுக்கூடமும் வேண்டும் என்று நம் கல்லூரிகளில் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. கியூஆர் கோடின் வரலாறு அதை ஏற்கவில்லை. அது ஒரு நிறுவனத்தின் சொந்தத் தலைவலியிலிருந்து பிறந்தது. இருவர் குழு தொடங்கியது. அடித்தளக் கணிதம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே யாரோ எழுதி வைத்தது. தொழிலாளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்த ஒரு பொறியாளரின் மனம் மட்டுமே புதியது.

திருப்பூரிலும் சிவகாசியிலும் கோவையிலும் ஓசூரிலும் ஆலைகளில் நாள்தோறும் ஆயிரம் முறை ஒரே அசைவைச் செய்யும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதைப் பற்றி முணுமுணுக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள். உங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியை இணையத்தில் தேடாதீர்கள். அந்த முணுமுணுப்பில் தேடுங்கள். கிடைத்த விடையைக் காப்புரிமையால் பாதுகாத்துக்கொள்ளுங்கள், ஆனால் தரநிலையாக்கிப் பிறர் பயன்படுத்தும்படி திறந்து விடவும் துணியுங்கள். பேராசிரியர்களே, அந்தத் திட்டப்பணிகளுக்கு மதிப்பெண் கொடுங்கள். ஆலை முதலாளிகளே, அந்த மாணவர்களுக்குக் கதவைத் திறந்து விடுங்கள். இந்த அறக்கட்டளையின் சார்பில் என் வேண்டுகோள் இது ஒன்றே.